லிசியே நகரின் தெரேசா

லிசியே நகரின் தெரேசா (ஜனவரி 2, 1873 – செப்டம்பர் 30, 1897) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கக் கன்னியரும் புனிதரும் ஆவார். இவரது துறவறப் பெயர் குழந்தை இயேசுவின் தெரேசா என்பதாகும். சிறுமலர் தெரேசா, குழந்தை தெரேசா ஆகிய பெயர்களாலும் தமிழ்க் கிறித்தவர்களிடையே அறியப்படுகிறார். பதினைந்தாம் வயதில் கார்மேல் சபையின் மடத்தில் சேர்ந்த இவர், ஒன்பது ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, காசநோயால் இருபத்து நான்காம் வயதில் இறந்தார். தன் விருப்பத்தை இறைவனிடம் கையளிப்பதை அன்றாட வாழ்வின் சிறு நிகழ்வுகளில் கடைப்பிடித்ததும், அதனைச் "சிறு வழி" என்ற பெயரில் எழுதி வைத்ததும் இவரது சிறப்புகளாகும்.

16ஆம் நூற்றாண்டில் எசுப்பானியாவில் கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா நகரின் தெரேசாவும், கொல்கத்தாவில் பணியாற்றிய அன்னை தெரேசாவும் இவரினின்று வேறானவர்கள். அன்னை தெரேசா தம் துறவறப் பெயரை லிசியே நகரின் தெரேசாவின் நினைவாகவே தேர்ந்துகொண்டார்.

பிறப்பும் குடும்பமும்

தெரேசா பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள அலன்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி குவெரின் அந்நகருக்குப் பெயர் தேடித் தந்த சரிகைப் பின்னல் தொழிலைத் தாமே நடத்தியவர். இருவரும் இளமையில் துறவறம் பூண விரும்பி, அது கைகூடாமல் பின்னர் இல்லறம் ஏற்றவர்கள். இவர்களுக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். மரி, பவுலின், லெயோனி, செலின், தெரேசா ஆகிய ஐந்து பெண்கள் எஞ்சினர். தெரேசா கடைசிக் குழந்தை.

1877 ஆகஸ்ட் 28 அன்று தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு வயது நான்கரை. அதே ஆண்டு நவம்பரில் குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு மருந்துக்கடை நடத்திவந்த தாய்மாமன் குடும்பம் இவர்களுக்குத் துணையாக இருந்தது. தமக்கை பவுலினைத் தெரேசா தம் இரண்டாம் தாயாக ஏற்றுக்கொண்டார்.

சிறுவயதில் தெரேசா பிடிவாதம் மிகுந்தவராக இருந்தார். தாய் எழுதிய கடிதங்களில் இக்குணம் குறித்த செய்திகள் காணப்படுகின்றன. தாயின் மறைவுக்குப் பின்னர் கூச்ச சுபாவமும் எளிதில் அழும் இயல்பும் இவரைப் பற்றிக்கொண்டன. பெனடிக்ட் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் 1881 முதல் பயின்றார். படிப்பில் சிறந்து விளங்கினாலும் உடன் பயின்ற மாணவியருடன் ஒட்ட முடியாமல் துன்புற்றார்.

1882 அக்டோபரில் பவுலின் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தது தெரேசாவைப் பெரிதும் பாதித்தது. அடுத்த ஆண்டு இவருக்கு நடுக்கமும் பிதற்றலும் கொண்ட கடும் நோய் ஏற்பட்டது. மருத்துவர்களால் அதன் காரணத்தைக் கண்டறிய இயலவில்லை. 1883 மே 13 அன்று மரியன்னையின் திருவுருவம் தம்மை நோக்கிப் புன்னகைத்ததாகக் கண்டபின் நலமடைந்ததாகத் தெரேசா பின்னாளில் எழுதினார். 1885 முதல் ஓராண்டுக்கும் மேலாக, செய்த ஒவ்வொரு சிறு செயலும் பாவமோ என்னும் மன உறுத்தலால் அலைக்கழிக்கப்பட்டார்.

1886 கிறிஸ்து பிறப்பு இரவு

தமது வாழ்வின் திருப்புமுனையாகத் தெரேசா குறிப்பிடும் நிகழ்வு மிகச் சிறியது. கிறிஸ்து பிறப்பு இரவில் குழந்தைகளின் காலணிகளில் பரிசுப் பொருட்களை வைப்பது பிரெஞ்சு வழக்கம். பதினான்கு வயது நிறையும் நிலையிலும் தெரேசாவுக்கு வீட்டில் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1886ஆம் ஆண்டு நள்ளிரவுத் திருப்பலியிலிருந்து திரும்பிய தந்தை, களைப்பினால், இது இந்த ஆண்டோடு முடியட்டும் என்ற பொருளில் சலித்துக்கொண்டதைத் தெரேசா கேட்க நேர்ந்தது. வழக்கமாக இத்தகைய சொல் அவரை நெடுநேரம் அழவைத்திருக்கும். அன்று கண்ணீரை அடக்கிக்கொண்டு கீழே இறங்கிவந்து, மகிழ்ச்சியுடன் பரிசுகளை எடுத்துத் தந்தையைச் சிரிக்கவைத்தார்.

பல ஆண்டுகள் முயன்றும் தம்மால் முடியாதது அந்த ஒரு நொடியில் இறையருளால் முடிந்தது என அவர் கருதினார். சொந்த முயற்சி தோற்ற இடத்தில் இறைவன் செயலாற்றுகிறார் என்ற இக்கருத்தே பின்னர் அவரது போதனையின் அடிப்படையாயிற்று.

1887இல், பாரிசில் மூன்று கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட பிரான்சினி என்பவனின் மனமாற்றத்துக்காகத் தெரேசா இறைவேண்டல் செய்தார். தண்டனை நிறைவேற்றப்படும் முன் அவன் சிலுவையை முத்தமிட்டான் என்ற செய்தியை நாளிதழில் படித்து, தமது வேண்டல் கேட்கப்பட்டதாக நம்பினார்.

மடத்தில் சேர எடுத்த முயற்சிகள்

தெரேசாவின் மூத்த தமக்கை மரியும் 1886 அக்டோபரில் அதே மடத்தில் சேர்ந்திருந்தார். பதினைந்து வயதில் தாமும் சேர விரும்புவதாக 1887 மே மாதம் தெரேசா தந்தையிடம் தெரிவித்தார். தந்தை இசைந்தார். தாய்மாமன் முதலில் மறுத்துப் பின்னர் ஏற்றுக்கொண்டார். ஆனால் மடத்தின் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த குரு, இருபத்தொரு வயதுக்கு முன் அனுமதிக்க இயலாது என உறுதியாகக் கூறிவிட்டார்.

தெரேசா தந்தையுடன் பாயோ நகருக்குச் சென்று ஆயரைக் கண்டு விண்ணப்பித்தார். அங்கும் உடனடி முடிவு கிடைக்கவில்லை. 1887 நவம்பரில் மறைமாவட்டத் திருப்பயணிகளுடன் உரோமை நகர் சென்றார். நவம்பர் 20 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரைச் சந்தித்தபோது, பேசக்கூடாது என்று விதிக்கப்பட்டிருந்ததையும் மீறி, அவர் காலடியில் முழந்தாளிட்டுத் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பொறுப்பிலுள்ளோர் முடிவு செய்வதை ஏற்குமாறு திருத்தந்தை அறிவுறுத்தினார். தெரேசா நகர மறுத்ததால் காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று.

கையளித்தலைப் போதித்த ஒருவரின் வாழ்வில் இந்நிகழ்வு கவனிக்கத்தக்கது. தம்மால் இயன்ற எல்லாவற்றையும் செய்தபின், முடிவைத் தம் கையில் வைத்திருக்க அவர் முயலவில்லை. அவ்வாண்டு இறுதியில் ஆயரின் இசைவு வந்தது. ஆனால் தவக்காலத்தின் கடுமையைக் கருதி, மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்குமாறு மடத்தினர் கூறினர். அந்த மூன்று மாதங்களை வீட்டில் எவரும் அறியாத வகையில் தம் விருப்பத்தை விட்டுக்கொடுக்கும் பயிற்சிக் காலமாகத் தெரேசா ஆக்கிக்கொண்டார். எதிர்த்துப் பேச எழும் சொல்லை அடக்குவது, கேளாமலேயே சிறு உதவி செய்வது ஆகியனவே அப்பயிற்சி.

கார்மேல் மடத்தில்

1888 ஏப்ரல் 9 அன்று தெரேசா மடத்தில் சேர்ந்தார். 1889 ஜனவரி 10 அன்று துறவற உடையைப் பெற்றார். 1890 செப்டம்பர் 8 அன்று வார்த்தைப்பாடு கொடுத்தார். மடத்தில் சுமார் 25 கன்னியர் அடைபட்ட வாழ்வு வாழ்ந்தனர். இறைவேண்டல், மௌனம், துணி துவைத்தல், தையல், உணவறையைத் துப்புரவு செய்தல், திருப்பலிப் பொருட்களைப் பேணுதல் என நாட்கள் கழிந்தன. மடத்துத் தலைவி மரி தே கொன்சாக் தெரேசாவைக் கண்டிப்புடன் நடத்தினார்.

பெரும் தவ முயற்சிகளுக்கு அம்மடத்தில் தெரேசாவுக்கு வாய்ப்பில்லை. கிடைத்தவை சிறு வாய்ப்புகளே. அவற்றுள் சிலவற்றை அவரே பதிவு செய்துள்ளார்:

தமது அறையிலிருந்த அழகிய சிறு தண்ணீர்க் குவளையை எடுத்துவிட்டு, விளிம்பு உடைந்த குவளையை யாரோ வைத்தபோது முறையிடாமல் ஏற்றுக்கொண்டார்.

ஓர் இரவு அவரது விளக்கை வேறொரு கன்னியர் தவறுதலாக எடுத்துச் சென்றுவிட, வேலை செய்ய எண்ணியிருந்த நேரம் முழுவதும் இருளில் அமர்ந்திருந்தார். வறுமை வார்த்தைப்பாடு என்பது தேவையான பொருளும் இல்லாமற் போவதை ஏற்பதே என்று அப்போது உணர்ந்தார்.

துணி துவைக்கும்போது எதிரே நின்றவர் அழுக்கு நீரைத் தம் முகத்தில் தெறிக்கச் செய்துகொண்டிருந்ததை, முகத்தைத் துடைக்காமல் பொறுத்துக்கொண்டார்.

தியான வேளையில் அருகிலிருந்தவர் எழுப்பிய இடைவிடாத சிறு ஒலி அவருக்குத் தாங்க முடியாத எரிச்சலை ஊட்டியது. அதனைக் கேளாதிருக்க முயல்வதை விட்டுவிட்டு, கவனித்துக் கேட்டு அதையே இறைவனுக்குக் காணிக்கையாக்கினார்.

ஒவ்வொரு மாலையும் நடக்க இயலாத முதிய கன்னியர் ஒருவரை உணவறைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார். அம்முதியவர் எதிலும் குறை காண்பவர். வேகமாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும் திட்டு கிடைக்கும். உணவறையில் அவருக்கு அப்பத்தை நறுக்கிக் கொடுத்துவிட்டே தெரேசா தம் இடத்துக்குச் செல்வார்.

இயல்பாகவே தமக்குப் பிடிக்காத மற்றொரு கன்னியரிடம் தனிப்பட்ட அன்புடன் நடந்துகொண்டார். தம்மிடம் எது அவரை இவ்வளவு கவர்ந்தது என்று அக்கன்னியரே வியந்து கேட்கும் அளவுக்கு இது அமைந்தது.

இவற்றை எளிதில் செய்ததாகத் தெரேசா எங்கும் கூறவில்லை. பொறுமையிழக்கும் நிலையில் அவ்விடத்தைவிட்டு ஓடிப்போனதையும் எழுதியுள்ளார். ஏழு ஆண்டுகளாகத் தியான நேரத்தில் தூங்கிவிழும் குறை தமக்கு இருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

தந்தையின் நோய்

மடத்தில் சேர்ந்து இரண்டு மாதங்களில் தந்தைக்கு மனநலம் குன்றத் தொடங்கியது. 1888 ஜூனில் வீட்டாருக்குத் தெரிவிக்காமல் அவர் காணாமற்போய், சில நாட்களுக்குப்பின் லெ ஆவ்ர் துறைமுக நகரில் கண்டுபிடிக்கப்பட்டார். 1889 பிப்ரவரியில் கான் நகரிலுள்ள மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அங்கிருந்தார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மடம் புகுந்ததே இதற்குக் காரணம் என ஊரார் பேசியது மடத்துக்குள்ளும் எட்டியது.

அடைபட்ட மடத்தின் விதிகளின்படி தெரேசாவால் தந்தையைச் சென்று காண இயலவில்லை. அவர் 1892 மே மாதம் வீடு திரும்பி, 1894 ஜூலை 29 அன்று காலமானார். தம் வாழ்வில் மிகவும் நேசித்தவரின் அவமதிப்பைக் கையறுநிலையில் ஏற்க வேண்டியிருந்த இக்காலமே, இறைவனிடம் கையளித்தல் என்பதைத் தெரேசா ஆழமாகக் கற்ற காலம் எனலாம். தந்தையைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட செலின், அதே ஆண்டு செப்டம்பரில் மடத்தில் சேர்ந்தார்.

சிறு வழி

1891–92 குளிர்காலத்தில் மடத்தில் பரவிய நச்சுக்காய்ச்சலில் பெரும்பாலோர் படுத்துவிட, நோயாளிகளைப் பேணியும் இறந்தோருக்கு இறுதிப் பணிகள் செய்தும் தெரேசா ஆற்றிய தொண்டு அனைவரின் மதிப்பையும் பெற்றது. 1893இல் பவுலின் மடத்துத் தலைவியானார். புதிதாகச் சேர்ந்தோரைப் பயிற்றுவிக்க உதவும் பொறுப்பு தெரேசாவுக்கு அளிக்கப்பட்டது. அவர்களுக்குக் கூறிய அறிவுரைகளின் வழியே அவரது கருத்துகள் தெளிவு பெற்றன.

அக்காலப் பிரெஞ்சுக் கத்தோலிக்கரிடையே இறைவனைக் கண்டிப்பான நீதிபதியாகக் கருதும் போக்கு பரவலாக இருந்தது. இறைநீதியின் தண்டனையைத் தாங்கிக்கொள்ளத் தம்மைப் பலியாக ஒப்புக்கொடுக்கும் வழக்கமும் துறவியரிடையே காணப்பட்டது. தெரேசா இதனின்று வேறுபட்டார். 1895 ஜூன் 9 அன்று இறைவனின் இரக்கமிகு அன்புக்குத் தம்மைக் கையளித்து ஒரு வேண்டல் எழுதினார்.

சிறு வழி என்பதன் உட்பொருளைப் பின்வருமாறு சுருக்கலாம். புனிதர் நிலையை எட்டும் ஆற்றல் மனிதனிடம் இல்லை. தன் இயலாமையை அறிந்த குழந்தை, தன்னைத் தூக்குமாறு தந்தையை நோக்கிக் கை நீட்டுவதுபோல, மனிதன் தன்னை இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும். அக்காலத்தில் செல்வர் வீடுகளில் புதிதாகப் பொருத்தப்பட்டுவந்த மின்தூக்கியைத் தெரேசா இதற்கு உவமையாகக் கூறினார். படியேறும் வலிமை அற்றவருக்கு இயேசுவின் கைகளே மின்தூக்கி என்பது அவ்வுவமையின் கருத்து.

இவ்வொப்படைப்பு ஒருமுறை செய்து முடிப்பதன்று. ஒவ்வொரு நாளும், எதிர்பாராமல் குறுக்கிடும் சிறு வேலையிலும், பிறர் தரும் தொல்லையிலும், நிறைவேறாத ஆசையிலும் தன் விருப்பத்தை விட்டு இறைவிருப்பத்தைத் தேர்வதே அது. தவறி விழுந்தால் மனம் தளராமல் மீண்டும் நம்பிக்கையுடன் தொடங்குவதும் இதன் பகுதியாகும். செயலின் அளவைக் காட்டிலும் அதில் உள்ள அன்பே மதிப்புடையது எனத் தெரேசா வலியுறுத்தினார்.

நோயும் நம்பிக்கைச் சோதனையும்

1896 மார்ச்சில் மரி தே கொன்சாக் மீண்டும் தலைவியானார். ஏப்ரல் 2–3 இரவில், பெரிய வெள்ளி தொடங்கும் வேளையில், தெரேசா முதன்முறையாக இரத்தம் கக்கினார். இந்தோசீனாவின் ஹனோய் நகரில் தொடங்கப்பட்டிருந்த கார்மேல் மடத்துக்குச் செல்ல வேண்டும் என்பது அப்போது அவரது ஆவலாக இருந்தது. நோயால் அது நிறைவேறவில்லை. ஆப்பிரிக்காவுக்கும் சீனாவுக்குமான மறைபரப்புப் பணியை ஏற்ற இருவருக்கு ஆன்மீகச் சகோதரியாக இருந்து கடிதங்கள் எழுதினார்.

அதே உயிர்ப்பு விழாக் காலத்தில் அவரது உள்ளத்தில் இருள் சூழ்ந்தது. மறுவுலகம் உண்டு என்ற நம்பிக்கையில் அதுவரை ஐயமே கொள்ளாதிருந்தவர், இறப்புக்குப்பின் எதுவுமில்லை என்ற எண்ணத்தால் இடைவிடாது தாக்கப்பட்டார். இச்சோதனை சுமார் பதினெட்டு மாதங்கள், இறக்கும்வரை நீடித்தது. இறைநம்பிக்கையற்றோரின் மேசையில் அவர்களுடன் அமர்ந்திருப்பதாகத் தம் நிலையை அவர் கண்டார். அந்நாட்களில் அவர் எழுதிய கவிதைகள் மகிழ்ச்சி நிறைந்தவை. நம்ப விரும்புவதையே தாம் பாடுவதாகவும், நம்பிக்கையின் இன்பத்தை உணர்ந்து பாடவில்லை என்றும் தலைவிக்கு எழுதினார்.

1897 ஏப்ரலில் மற்றொரு அடி விழுந்தது. தீய வழிபாட்டிலிருந்து மனந்திரும்பியதாகச் சொல்லப்பட்ட டயானா வோன் என்ற பெண்ணுக்குத் தெரேசா தம் ஒளிப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அப்படியொரு பெண்ணே இல்லை, எல்லாம் தமது புனைவு என்று லெயோ தக்சில் என்ற எழுத்தாளர் ஏப்ரல் 19 அன்று பாரிசில் அறிவித்தார். அக்கூட்டத்தில் திரையிடப்பட்டது தெரேசாவின் அப்படமே.

1897 ஜூலை 8 அன்று மடத்தின் நோயாளர் அறைக்கு மாற்றப்பட்டார். நோய் நுரையீரலையும் குடலையும் அழித்தது. வலி மிகுந்த நோயாளியின் அருகில் நஞ்சாகக்கூடிய மருந்துகளை வைக்க வேண்டாம் என்று உடனிருந்தோரை எச்சரித்தார். செப்டம்பர் 30 மாலை உயிர் நீத்தார். லிசியே நகரக் கல்லறையில் அக்டோபர் 4 அன்று அடக்கம் செய்யப்பட்டார்.

எழுத்துகள்

தெரேசாவின் தன்வரலாறு மூன்று பகுதிகள் கொண்டது. முதற்பகுதி பவுலினின் கட்டளைப்படி 1895இல் எழுதப்பட்டது. இரண்டாவது 1896 செப்டம்பரில் தமக்கை மரிக்கு எழுதிய மடல். மூன்றாவது 1897 ஜூனில் மரி தே கொன்சாக்கிற்காக எழுதியது. எழுதுகோல் மையில் தோய்க்கவும் வலுவின்றி, இதன் இறுதிப் பக்கங்களைக் கரிக்கோலால் எழுதினார்.

இவற்றைப் பவுலின் தொகுத்து, "ஓர் ஆன்மாவின் வரலாறு" என்ற பெயரில் 1898 செப்டம்பர் 30 அன்று 2,000 படிகள் வெளியிட்டார். நூல் விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பவுலின் மூலப்படியில் சுமார் 7,000 மாற்றங்களைச் செய்திருந்தார். மூலக் கையெழுத்துப்படி 1956இல் அப்படியே வெளியிடப்பட்டபோதுதான் தெரேசாவின் இயல்பான நடை வாசகர்களுக்குக் கிடைத்தது. இவை தவிர 54 கவிதைகள், 8 சிறு நாடகங்கள், 266 கடிதங்கள் ஆகியனவும் கிடைத்துள்ளன.

மதிப்பீடு

தெரேசாவின் மலர், குழந்தை போன்ற உருவகங்கள் 19ஆம் நூற்றாண்டின் மிகையான உணர்ச்சி நடையைச் சார்ந்தவை என்ற விமர்சனம் உண்டு. தமக்கையர் உருவாக்கிய இனிமையான பிம்பமும், திருத்தப்பட்ட ஒளிப்படங்களும் அவரது உறுதியான ஆளுமையை மறைத்தன எனவும் கூறப்படுகிறது. சிறுவயது இழப்புகளைக் கொண்டு அவரது வாழ்வை உளவியல் நோக்கில் விளக்கியோரும் உள்ளனர். மூலக் கையெழுத்துப்படிகள் வெளிவந்த பின்னர், குறிப்பாக அவரது இறுதிக்கால நம்பிக்கைச் சோதனை குறித்த ஆய்வுகள் பெருகின.

புனிதர் பட்டமும் நினைவும்

இறந்து ஐம்பது ஆண்டுகள் கழியவேண்டும் என்ற விதி தளர்த்தப்பட்டு, 1923 ஏப்ரல் 29 அன்று அருளாளர் பட்டமும், 1925 மே 17 அன்று புனிதர் பட்டமும் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரால் தெரேசாவுக்கு அளிக்கப்பட்டன. 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக, புனித பிரான்சிஸ் சவேரியாருடன் இணைத்து அறிவிக்கப்பட்டார். சவேரியார் முத்துக்குளித்துறை முதல் சப்பான் வரை பயணம் செய்தவர். தெரேசாவோ மடத்தில் சேர்ந்தபின் அதன் சுவர்களைத் தாண்டாதவர். 1944இல் பிரான்சின் துணைப் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

1997 அக்டோபர் 19 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவிலா தெரேசா, சியன்னா கத்தரீன் ஆகியோருக்குப் பின் இச்சிறப்பைப் பெற்ற மூன்றாவது பெண் இவராவார். இவரது பெற்றோர் 2015 அக்டோபர் 18 அன்று புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். இறைவன்மீது கொள்ளும் நம்பிக்கை குறித்துத் தெரேசா எழுதியவற்றை மையமாகக் கொண்டு 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு திருத்தூது ஊக்கவுரையை வெளியிட்டார்.

லிசியே நகரில் இவரது பெயரில் எழுப்பப்பட்ட பேராலயத்தின் கட்டுமானம் 1929இல் தொடங்கி, 1954இல் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பல ஆலயங்களும் பள்ளிகளும் சிறுமலர் என்ற பெயரில் இவரது நினைவைத் தாங்கியுள்ளன. இவரது விழா அக்டோபர் 1 அன்று கொண்டாடப்படுகிறது.